பூனைக்கு ஒரு தட்டு, நாய்க்கு ஒரு தட்டு

மத்தியான வேளையில் எமது வீடுகளிற் பெரும்பாலானவற்றிலே காணக்கூடிய காட்சியொன்று உண்டு. வீட்டிலுள்ளோர் எல்லோரும் உண்டு முடித்தபின், பானையில் மிஞ்சிய சோற்றையும் சொதியின் அடியில் தங்கியதையும் மீன் முள்ளையும் ஒன்றாகப் பிசைந்து, நெளிந்துபோன அலுமினியத் தட்டொன்றில் இட்டு அடுக்களைப் படியில் வைப்பர். முற்றத்து மாநிழலிற் படுத்திருந்த நாய் எழுந்து வரும். வேலியோரத்திலிருந்து பூனையும் வரும். நாய் உண்டு எஞ்சியதைப் பூனை முகர்ந்து பார்த்து, சோற்றை ஒதுக்கிவிட்டு முள்ளை மட்டும் இழுத்துக்கொண்டு போகும். "இதற்கு நாக்கு நீளம், சோறு இறங்காதாம்" என்று வீட்டார் குறை சொல்வர்.

பூனை சோற்றை ஒதுக்கியது நாக்கின் குற்றத்தால் அன்று. அந்த ஒரே தட்டுத்தான் இவ்விரு பிராணிகளுக்கும் வரும் நோய்கள் பலவற்றின் பிறப்பிடம் என்பதை நாம் சற்றுப் பிந்தியே அறிந்துகொண்டோம். அறிந்துகொண்ட விதத்தை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

செம்பியின் கழுத்து

சில வருடங்களுக்கு முன்பு எமது வீட்டில் செம்பி என்றொரு பெட்டைப் பூனை இருந்தது. செம்மஞ்சள் நிறம், எலி பிடிப்பதிற் கெட்டிக்காரி. நாள்தோறும் காலை ஒன்பது மணியளவில் மீன்காரரின் ஊதல் ஒலி ஒழுங்கையிற் கேட்டதும், கூரைமேல் நித்திரை செய்தாலும் குதித்து ஓடிவரும். வாங்கிய சாளையை அம்மம்மா கிணற்றடியில் இருந்து வெட்டும்போது தலையும் குடலும் அப்படியே பச்சையாகச் செம்பிக்குப் போகும். இதைவிடச் சிறந்த உணவு பூனைக்கு வேறென்ன இருக்க முடியும் என்றே நாமெல்லோரும் எண்ணியிருந்தோம். மாதக்கணக்கில் வேறெதையும் அது உண்டதில்லை, நாம் கொடுத்ததுமில்லை.

ஒருநாள் காலை மீன்காரர் வந்து போய்விட்டார், செம்பியைக் காணவில்லை. தேடிப் பார்த்தபோது விறகுக் கொட்டிலின் மூலையிற் கிடந்தது. எழுந்து நடக்க முயன்றது. கள்ளுக் குடித்தவன்போலப் பின்னங்கால்கள் தள்ளாடின. கண்மணிகள் இரண்டும் அகல விரிந்திருந்தன. எல்லாவற்றிலும் விசித்திரமாக இருந்தது கழுத்துத்தான். தலையை நிமிர்த்த முடியாமல் நாடி நெஞ்சிலே முட்டும்படி கழுத்து முன்புறமாக வளைந்து கிடந்தது.

அயல்வீட்டு அண்ணர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பிள்ளையள், கிட்டப் போகாதையுங்கோ. உது விசர்தான். சின்னப்பிள்ளையள் இருக்கிற வீடு; அடிச்சுப் புதையுங்கோ" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. விசர்நோய் நாய்க்கு மட்டும் உரியதன்று, பூனைக்கும் வரும், வந்தால் மீட்சி இல்லை. அம்மம்மாவும் மௌனமாகிவிட்டார். வீட்டிலிருந்த சிறுமி ஒருத்தி மட்டும், முந்திய வருடம் செம்பிக்கு விசர்த் தடுப்பூசி போட்ட அட்டையை அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அந்த அட்டையே செம்பியின் உயிரை அன்று காத்தது எனலாம். தடித்த சாக்கினாற் போர்த்து, கூடையொன்றில் இட்டு, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

வைத்தியர் கையுறை அணிந்துகொண்டு செம்பியைப் பரிசோதித்தார். அட்டையைப் பார்த்தார். பின்பு எம்மைப் பார்த்துக் கேட்ட முதற் கேள்வி, "இதற்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?" என்பதுதான். சாளையின் கதையைச் சொன்னோம். "அவித்தா, பச்சையாகவா?" என்றார். பச்சையாக என்றோம். அவர் வேறொன்றும் பேசாமல் ஊசியொன்றை ஏற்றினார். அது விற்றமின் பீ1. மறுநாளும் ஒன்று. இரண்டாம் நாள் மாலையில் செம்பியின் தலை நிமிர்ந்தது. ஒரு வாரத்தில் மீண்டும் கூரை ஏறியது.

பச்சை மீனில் மறைந்திருப்பது

சாளை, நெத்தலி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த மீன்கள் பலவற்றிலும், குளத்து மீன்களுட் சிலவற்றிலும் தயமினேசு என்னும் நொதியம் ஒன்று இருக்கின்றது. குடலிலும் தலையிலும் அது மிகுதி. தயமின் எனப்படும் விற்றமின் பீ1-ஐ அது உடைத்து அழித்துவிடுகிறது. உணவில் எவ்வளவு தயமின் இருந்தாலும் பச்சை மீனோடு சேர்ந்து உள்ளே போனால் உடலுக்குக் கிடைப்பது சொற்பமே. மூளையும் நரம்பும் தயமின் இன்றி வேலை செய்யா. நாயைவிடப் பூனைக்குத் தயமின் பலமடங்கு வேண்டியிருப்பதால் முதலில் விழுவது பூனையே. மீனை அவித்துவிட்டால் இந்த நொதியம் அழிந்துபோகிறது. பத்து நிமிடக் கொதிப்பு போதும்.

இந்த உண்மை வெளிப்பட்ட கதை மாணவ நேயர்களுக்குச் சுவை தரும். 1932ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தோலுக்காக நரி வளர்க்கும் பண்ணையொன்றில் பச்சை மீன் தின்ற நரிகள் திடீரெனக் கால் விளங்காமல் விழுந்து மடிந்தன. பண்ணைக்காரரின் பெயர் சாஸ்ரெக். நோய்க்கும் அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. தொற்றுநோய் என்று முதலில் ஐயுற்றார்கள். தயமின் குறைவே காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று.

தயமினைப் பற்றிய செய்தி அதற்கும் முந்தியது. யாவாத் தீவிலே கடமையாற்றிய ஒல்லாந்த வைத்தியராகிய ஐக்மான், நன்றாகத் தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் 1890களிற் கண்டார். மனிதருக்கு வரும் பெரிபெரி நோயின் மூலம் அவ்வழியாகவே வெளிப்பட்டது. 1929ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. யாவாவிற் கோழி, மினசோட்டாவில் நரி, எமது கிணற்றடியிற் செம்பி: மூன்றுக்கும் குறைந்தது ஒரே பொருள்தான்.

மீனைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லவேண்டும். சூரை போன்ற எண்ணெய்ப் பற்றுள்ள மீனை மட்டுமே நெடுநாள் உண்ட பூனைக்கு விற்றமின் ஈ குறைந்து, தோலின் கீழுள்ள கொழுப்பு அழன்று கட்டியாகும், தொட்டாலே கத்தும். ஈரலின்மேல் ஆசை வைத்து அதையே நாள்தோறும் கொடுத்தாலும் தீங்குண்டு. ஈரலில் விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சி இருப்பதால் காலப்போக்கிற் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கழுத்துத் திரும்பாமற் போகும். செம்பிக்கு வளைந்த கழுத்து. இந்தப் பூனைக்கு வளையாத கழுத்து.

சோறு நாய்க்குச் செல்லும், பூனைக்குச் செல்லாது

பூனை என்பது சிறிய நாய் என்றொரு மயக்கம் எம்மவரிடையே உண்டு. உடலின் உட்கூற்றைப் பார்த்தால் இரண்டும் வெகுதூரம்.

நாய் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து அவனுடைய எச்சிற் சோற்றுக்குத் தன் உடலையே பழக்கிக்கொண்ட பிராணி. 2013ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் உப்சாலா சருவகலாசாலை விஞ்ஞானிகள் நாயின் பரம்பரை அலகுகளை ஓநாயின் அலகுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். மாப்பொருளைச் சீரணிக்கும் நொதியத்துக்குரிய பரம்பரை அலகு ஓநாயில் இரண்டு பிரதிகளாக இருக்க, நாய்களில் அது 4 முதல் 30 பிரதிகள் வரை பெருகியிருந்தது. சோறும் பாணும் நாய்க்குச் செல்வதன் இரகசியம் இதுவே. சோற்றோடு போதிய இறைச்சியோ மீனோ முட்டையோ பருப்போ சேர்ந்தால் நாய் நன்றாகவே வாழும்.

பூனையோ வயல்வெளிக் களஞ்சியத்தில் எலி பிடிக்க வந்து, தன் பழைய வழக்கத்தை விடாமலே வீட்டோடு தங்கிவிட்ட வேட்டைப் பிராணி. அதன் ஈரல் புரதத்தை எரித்துச் சக்தியாக்கும் வேலையை எக்காலத்தும் ஓயவிடாது. உணவிற் புரதம் குறைந்தால் தன் தசையையே கரைத்து எரிக்கும். கரட்டிலும் பூசணியிலும் உள்ள மஞ்சட் பொருளை நாமும் நாயும் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறோம். பூனையால் அது முடியாது. மிருக உணவிலிருந்தே அதனை நேராகப் பெறவேண்டும். இனிப்புச் சுவையைக் கூடப் பூனை அறியாது. அதற்குரிய பரம்பரை அலகு பூனையினத்திற் பழுதுபட்டுக் கிடப்பது 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியால் தெரிந்தது. பாயசத்தைப் பூனை நக்கினால் பாலின் கொழுப்புக்காகவே நக்குகிறது.

இவை எல்லாவற்றிலும் பெரியது டோரின் என்னும் பொருள். இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசியிலும் மரக்கறியிலும் இல்லை. நாயின் உடல் பொதுவாக இதனைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடல் ஆக்குவது போதாது. டோரின் குறைந்த பூனையின் விழித்திரை சிதைந்து கண் பார்வை போகும் என்பதை 1975ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1987ஆம் ஆண்டில், இன்னொரு செய்தி வந்தது. இருதயம் விரிந்து தளர்ந்து பூனைகள் பல இறந்துகொண்டிருந்தன. கலிபோர்னியா சருவகலாசாலையின் மிருக வைத்தியர்கள் அவற்றின் இரத்தத்தைச் சோதித்தபோது டோரின் மிகக் குறைவாக இருந்தது. டோரினை உணவோடு சேர்த்துக் கொடுத்ததும், மாளப்போகின்றன என்று கைவிடப்பட்ட பூனைகளின் இருதயம் மீண்டும் வலுப்பெற்றது. அவை கடையில் விற்ற பூனை உணவையே உண்டு வளர்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. அதன் பின்னரே உணவு செய்யும் கம்பனிகள் டோரினை அதிகமாகக் கலக்கத் தொடங்கின.

சமையலறைக்கு வேண்டிய செய்தியொன்றும் இதில் உண்டு. டோரின் நீரிற் கரைவது. மீனை அவித்த நீரைக் கீழே ஊற்றிவிட்டுச் சதையை மட்டும் பூனைக்கு வைப்போமானால் டோரினில் ஒரு பங்கை வாய்க்காலுக்குக் கொடுத்தவர்களாவோம். குறைந்த நீரில் அவித்து, அந்த நீரோடு கொடுப்பதே முறை.

கொடியேறினால் பூனைக்கு என்ன?

நல்லூரிலே கொடியேறினால் 25 நாட்களுக்கு எமது வீடுகள் பலவற்றில் மச்சம் இல்லை. சட்டி பானைகள் கழுவிக் கவிழ்க்கப்படும். சிலர் மரக்கறிக்கென்றே வேறு பாத்திரம் வைத்திருப்பர். கந்தசஷ்டி வந்தால் மீண்டும் ஆறு நாள். இந்த விரதங்களைப் பற்றி ஒரு சொற்கூடக் குறைவாகச் சொல்ல நாம் முன்வரவில்லை. எமது வீட்டிலும் அதுவே வழக்கம். ஆயினும் விரதம் நேர்ந்தவர்கள் நாம். பூனை எதையும் நேர்ந்துகொள்ளவில்லை.

நாய்க்கு இக்காலம் பெருந்துன்பமன்று. பருப்பும் தயிரும் சோறும் கொண்டு 25 நாளைக் கடத்திவிடும். பூனை வெளியே போய் எலியும் பல்லியும் பிடித்துச் சமாளிக்கும் என்பர். தோட்டமும் வளவும் உள்ள வீடாயின் ஓரளவு உண்மை. கொழும்பில் மாடி வீட்டில் அடைபட்ட பூனை எங்கே போகும்? அது சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும். கொழுத்த பூனை மூன்று நான்கு நாட்கள் ஒன்றும் உண்ணாதிருந்தால், அதன் உடற் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து குவிந்து ஈரல் செயலிழக்கும். காதின் உட்புறமும் கண்ணின் வெண்மையும் மஞ்சளாகும். பலர் இதனைச் செங்கமாரி என்று எண்ணி மூலிகை தேடுகின்றனர். வேண்டியது உணவு, அதுவும் வைத்தியர் குழாய் வழியே ஊட்டும் உணவு. உண்ண மறுக்கும் பூனையை இரண்டு நாளுக்குமேல் வீட்டில் வைத்துக்கொண்டிருத்தல் கூடாது.

வழி இல்லாமலில்லை. எமது உறவினர் வீடொன்றில் கொடியேற்றத்துக்கு முன்பே டோரின் சேர்ந்த பூனை உணவை வாங்கி, அடுக்களைக்கு வெளியே கொட்டிலில் மூடி வைத்துவிடுகின்றனர். தட்டும் அங்கேயே. வீட்டுப் பாத்திரத்தில் அது படுவதில்லை. விரதமும் குறையவில்லை, பூனையும் மெலியவில்லை.

சொதியிலுள்ள வெங்காயம்

இனி நாயின் தட்டுக்கு வருவோம். சோறு நாய்க்கு ஆகும் என்றோம். அதன்மேல் ஊற்றும் சொதி ஆகாது. காரணம் வெங்காயம். வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள கந்தகப் பொருள்கள் நாய் பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பன. பச்சையாயினும் அவித்தாயினும் பொரித்தாயினும் உலர்த்தித் தூளாக்கினாலும் நஞ்சு நஞ்சே. நாய்க்கு உடல் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயம் சேர்ந்தால் இரத்தம் கெடும். பூனைக்கு 5 கிராமே போதும். நான்கு கிலோகிராம் நிறையுள்ள பூனைக்கு 20 கிராம் என்றால் அது சின்ன வெங்காயம் மூன்று நான்குக்கு மேற்படாது. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்தாலும் கேடுண்டு. உண்டவுடன் ஒன்றும் தெரியாது. சில நாட்கள் கழித்தே முரசு வெளிறி, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் இறங்கும். அப்போது "நேற்றுவரை நன்றாக இருந்ததே" என்று அதிசயப்படுவோம்.

திராட்சைப்பழமும், எம்மூரில் முந்திரிகை வற்றல் என்று சொல்லப்படும் அதன் வற்றலும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். காரணம் நெடுநாளாகப் புதிராக இருந்தது. திராட்சையிலுள்ள தாத்தாரிக்கமிலமே குற்றவாளியாக இருக்கலாம் என்று அண்மைக் காலத்திலேயே, 2021ஆம் ஆண்டளவில், அமெரிக்க மிருக வைத்தியர்கள் கருத்து வெளியிட்டனர். அடுத்த வருடம் அவர்கள் எழுதிய கட்டுரையில் எம்மைத் திடுக்கிடச் செய்யும் செய்தி இருந்தது: புளியம்பழம் தின்ற நாய்களுக்கும் அதே வகையிற் சிறுநீரகம் பழுதானதாம். புளியிலும் அதே அமிலம் நிறைந்திருக்கின்றது. இரசத்திற் கலந்த சிறிது புளிக்காக நாம் அஞ்சவேண்டியதில்லை எனினும், பழப்புளி உருண்டையை நாய் எட்டாத இடத்தில் வைப்பதும், புளிக்குழம்பை அதன் சோற்றில் ஊற்றாமல் விடுவதும் நன்று. சொக்கிலேற்றும் நாய்க்கு நஞ்சு. கறுப்பு நிறம் கூடக்கூட நஞ்சும் கூடும்.

எலும்பைப் பற்றி எல்லோரும் கேட்பர். சமைத்த கோழியெலும்பு ஊசியாகப் பிளந்து குடலைத் துளைக்கும். அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்வதற்கில்லை.

வளைந்த கால்கள்

வாங்கி வந்த குட்டிக்குப் பாண் துண்டும் தேநீரும் கொடுத்து வளர்ப்போர் உளர். மூன்று நான்கு மாதத்தில் முன்னங்கால்கள் வில்லாக வளைந்து, பாதம் தட்டையாகி, அது நடக்கும் நடையைப் பார்த்துச் சிரிப்போரும் உளர். இந்நோய்க்கும் மனிதக் குழந்தைகளின் கணைநோய்க்கும் உள்ள உறவை உலகுக்குக் காட்டியவை நாய்க்குட்டிகளே. 1918, 1919ஆம் ஆண்டுகளில் லண்டனில் எட்வேட் மெல்லன்பி என்ற ஆராய்ச்சியாளர் நாய்க்குட்டிகளைத் தானிய உணவிலேயே வளர்த்து அவற்றுக்குக் கணைநோய் உண்டாவதைக் கண்டார். மீனெண்ணெய் கொடுத்தபோது நோய் வரவில்லை. பிற்காலத்தில் விற்றமின் டீ என்று பெயர் பெற்ற பொருளுக்கு அவ்வாராய்ச்சி வழி திறந்தது. கோடிக்கணக்கான குழந்தைகளின் கால்கள் நேராக நிற்பதில் அந்தப் பெயரறியாக் குட்டிகளுக்கும் பங்குண்டு.

எம்மவர் இங்கே ஒரு நியாயம் சொல்வர்: இந்த நாட்டில் வெயிலுக்கா பஞ்சம்? மனிதருக்கு அது சரி. நாயும் பூனையும் வெயிலில் எவ்வளவு கிடந்தாலும் அவற்றின் தோல் விற்றமின் டீயைப் போதிய அளவு ஆக்காது, உணவிலிருந்தே பெறவேண்டும்.

பாண் கொடுப்போர் ஒருபுறமிருக்க, வசதியுள்ள வீட்டார் எதிர்த்திசையிற் பிழை விடுகின்றனர். எலும்பு நீக்கிய நல்ல இறைச்சியை மட்டுமே குட்டிக்குக் கொடுக்கின்றனர். இறைச்சியிற் பொசுபரசு மிகுதி. கல்சியமோ அதில் பதினைந்தில் ஒரு பங்கும் தேறாது. இரத்தத்திற் கல்சியம் குறைய, உடல் தன் எலும்பிலிருந்தே அதனைக் கடன் வாங்கும். கட்டிலிலிருந்து குதித்த பூனைக்குட்டிக்குத் தொடையெலும்பு முறிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒரு முட்டைக்கோதில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் உண்டு. கோதை அவித்து உலர்த்தி மாவாக இடித்துச் சேர்க்கலாம். ஆனால் எவ்வளவு என்பதைக் குட்டியின் நிறையைக் காட்டி மிருக வைத்தியரிடமே கேட்டறிக. அல்சேஷன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கல்சியம் மிஞ்சினாலும் எலும்பு கோணும்.

உணவின்மேற் போடாத பழி

எல்லா நோயையும் உணவின் தலையிற் கட்டுவது நமது பழக்கம். சொறி பிடித்த நாயைக் கண்டால், "மாட்டிறைச்சிச் சூடு" என்பர். சொறியை உண்டாக்குவது தோலிற் குடையும் நுண்ணிய சிற்றுண்ணி. சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைவிடக் கொடியது, வாகனங்களிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைப் பூசும் வழக்கம். நாய் அதை நக்கும்; ஈரலும் சிறுநீரகமும் கெடும். இக்காலத்தில் விழுங்கக் கொடுக்கும் ஒரு வில்லையிற் சொறி மாறுகிறது.

குட்டியின் வயிறு பானைபோல் இருந்தால் அது செழுமையன்று, புழு. தாயின் வயிற்றில் இருக்கும்போதே நாய்க்குட்டிக்கு வட்டப்புழு தொற்றிவிடுகிறது. கொழுக்கிப்புழு தாய்ப்பாலோடும் வரும். ஆகையால் இரண்டு வார வயதிலேயே புழு மருந்து தொடங்கவேண்டும். புழு இரத்தத்தை உறிஞ்சினாலும் முரசு வெளிறும். உண்ணிக் காய்ச்சலிலும் வெளிறும். வெங்காயத்தாலும் வெளிறும் என்று மேலே கண்டோம். எது என்பதை இரத்தத்தைப் பார்த்தே சொல்லலாம். நாட்பட்ட இரும்புச்சத்து மருந்தைத் தேடி அலுமாரியைத் திறவாதீர்கள். பரசிற்றமோல் வில்லையையும் அங்கேயே விட்டுவிடுங்கள். காய்ச்சல் என்று எண்ணிப் பூனைக்குக் கொடுத்த ஒரே வில்லை அதனைக் கொன்றுவிடும்.

கடுவன் பூனை வளர்ப்போர் அறியவேண்டியது ஒன்று. அது மண்ணைத் தோண்டிக் குந்தி, முக்கி, ஒரு துளியும் போகாமல் எழுந்து, மீண்டும் குந்துமானால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றுவர். பெரும்பாலும் அடைபட்டிருப்பது சிறுநீர்வழி. ஒருநாள் இரண்டுநாள் தாமதித்தால் உயிர் போகும். பாலைநில வழித்தோன்றலாகிய பூனை இயல்பாகவே நீர் அதிகம் குடிப்பதில்லை. இரையின் ஈரத்திலேயே வாழ்வது. உலர்ந்த தீனியை மட்டும் கொடுக்கும் வீட்டில் சிறுநீர் தடித்து மணலாகிறது. அவித்த மீனும் அதன் நீரும் தட்டில் இருந்தால் இந்த ஆபத்துப் பெரிதும் குறையும்.

பட்டினத்து நாய்க்கோ குறைவால் வரும் நோயைவிட மிகுதியால் வரும் நோயே அதிகம். தேநீர் வேளையில் ஆளுக்கொரு விசுக்கோத்து என்று கொடுத்துக் கொடுத்து நாய் பீப்பாயாகிறது. அமெரிக்காவில் லாப்ரடோர் இன நாய்கள் 48-ஐ 24 சோடிகளாக்கி, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட நூற்றுக்கு 25 பங்கு குறைவாக உணவளித்து வாழ்நாள் முழுவதும் கவனித்தனர். முடிவு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. குறைவாக உண்டவற்றின் நடுக்கணக்கான ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். உமது நாயின் விலாவிற் கையை வைத்து மெல்லத் தடவிப் பாரும். எலும்புகள் விரலுக்குத் தட்டுப்படவேண்டும்.

இப்போதைய தட்டுகள்

எமது வீட்டிலே இப்போது இரண்டு தட்டுகள். சோறு வடிக்கும்போதே உப்பும் வெங்காயமும் சேராத பழைய சட்டியொன்றில் மீன் தலையும் சில நாட்களிற் கோழியீரலும் அவிகின்றன. நாயின் தட்டில் மூன்றிலொரு பங்கு மீன் அல்லது முட்டை, அதே அளவு சோறு, மிகுதி பூசணியும் பயிற்றங்காயும். முள்ளைக் கையால் எடுத்துவிடுகிறோம். பூனையின் தட்டிற் சோறு இல்லை. மீனும் அதன் நீரும், மற்ற வேளைக்குக் கடையில் விற்கும் பூனை உணவும். ஒரேநாளில் மாற்றவில்லை. பழையதிற் புதியதைக் கலந்து கலந்து ஒரு வாரத்தில் மாற்றினோம். பூனை அதற்கும் முகத்தைச் சுளித்தது.

செம்பி அதன்பின் ஏழு வருடம் இருந்தது. கிணற்றடியில் மீன் வெட்டும்போது வந்து அமர்ந்து, பச்சைக் குடல் கிடைக்காது என்று தெரிந்தும் கத்திக்கொண்டே இருக்கும். அதை அடித்துப் புதைக்கச் சொன்ன அயல்வீட்டு அண்ணருக்குச் சென்ற மாதம் பேத்தி பூனைக்குட்டியொன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மீன் தலை அவிக்க மேலதிகமாகப் பழைய சட்டி ஏதும் எம்மிடம் இருக்கிறதா என்று கேட்டார். ஓரம் உடைந்த ஒன்றைக் கழுவிக் கொடுத்தோம்.